கர்ரார் பேரில் ஒரு வாய்

தண்ணீர் வேண்டாம் ஐயா, டீ இருந்தால் கொடுங்கள். நன்றாகக் கொதித்திருந்தால் போதும்.

பஸ்ராவில் சண்டை ஓய்ந்ததும் ஆளாளுக்கு ஊரைக் கட்டியெழுப்பக் கிளம்பினார்கள். எங்கள் பகுதிக் குடிநீர் நிலையம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கிடைத்தது. அவர்கள் லாபத்தை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் தள்ளிவிட்டார்கள், அவர் வேறொருவரிடம். நான்காவது கை என்னுடையது. எலும்புதான் மிச்சமிருந்தது. அதையும் சூப்பு வைக்காமல் விடலாமா?

மேற்பார்வையிடும் வெள்ளைக்காரர் முகாமை விட்டு வெளியே வரமாட்டார், உயிர்ப்பயம். படம் அனுப்பினால் கையெழுத்துப் போடுவார். ஆகவே படத்தில் தெரிவதையெல்லாம் குறையில்லாமல் செய்தேன். தொட்டிகளுக்கு நீல வண்ணம், வாசலில் பூச்செடி, எனக்கொரு தலைக்கவசம். வடிகட்டியும் குளோரினும் படத்தில் தெரியாது, வாங்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் நேராக ஊர்க் குழாய்க்குப் போனது. திறப்பு விழாவில் எல்லோருக்கும் பாட்டில் தண்ணீர் கொடுத்தேன். அதில் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

கோடையில் காலரா வந்தது. எங்கள் தெருப் பெண் உம்மு கர்ராரின் மகன் கர்ரார் இறந்தான், ஐந்து வயது.

இறந்தவர் பேரில் தெருவில் குளிர்ந்த தண்ணீர் வைப்பது எங்கள் வழக்கம். குடிப்பவர்கள் ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போவார்கள். அவள் வளையலை விற்று, குளிர்விக்கும் பெட்டி ஒன்று வாங்கி வாசலில் வைத்தாள். அதற்குக் குழாய் இணைப்பை என் ஆளை விட்டு இலவசமாகவே கொடுத்தேன். தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

நாற்பதாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனேன். அவளே டம்ளரை நீட்டினாள்.

"குடிங்க ஹாஜியாரே. நீங்க கட்டின நிலையத்துத் தண்ணிதான். எம்புள்ள பேர்ல ஒரு வாய்."

"நோன்பும்மா," என்றேன்.

"நோன்பா? இப்பத்தானே வாசல்ல சிகரெட்டு புடிச்சிக்கிட்டு நின்னீங்க."

டம்ளரைத் தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். பிறகு வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் ஓடினாள். "குடிக்காதீங்கடா, துப்புங்கடா!" என்று ஒவ்வொரு டம்ளராகத் தட்டிவிட்டாள். அங்கிருந்து நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் வந்தாள்.

மொத்தம் பதினேழு பிள்ளைகள் செத்தார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். வடிகட்டி வாங்காதது தொழில் ஐயா, என் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நோன்பு என்று பொய் சொன்னது பெரும் பாவம். அதற்கு மனமார வருந்துகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.