மோதிரம் போட்ட கை

அதுல உக்காந்துடாதீங்க! ஐயோ, பதறாதீங்க, உங்களத் திட்டல. பாக்கத்தான் அது ஸ்டூல் மாதிரி இருக்கும், துணிய விலக்கினா உள்ள காமிக்ஸ் பெட்டி. எங்க வீட்டுல எது மேல துணி போத்தியிருந்தாலும் அடியில காமிக்ஸ்தான். இப்படி அடுப்பங்கரைக்கே வந்துடுங்க. அதுங்க வராத எடம் இது ஒண்ணுதான். எண்ணெ பட்டுடுமாம்!

நீங்க மாடிக்குக் குடிவந்து ஒரு வாரமாச்சு, இப்பத்தான் ஒரு வாய் டீக்குக் கூப்பிட முடிஞ்சுது. சக்கர போதுமா? அக்கான்னே கூப்பிடுங்க, கூச்சப்படாதீங்க.

அட, என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், எங்க வீட்டுக்காரரு. லீவு நாள்ல குளிக்கறாரோ இல்லையோ, கைக்கு வெள்ள உறைய மாட்டிக்குவாரு. ஆபரேஷன் பண்ற டாக்டரு தோத்தாரு போங்க! ஒவ்வொரு காமிக்ஸா பிளாஸ்டிக் பையோட தூக்கி அட்டைய வெளிச்சத்துல புடிச்சு, "இந்த வானத்தப் பாரு, எங்கயாவது வானம் இப்படி மஞ்சளா இருக்குமா? ஆனா புயல் வரப்போவுதுன்னு வயித்தக் கலக்குதா இல்லையா?"ம்பாரு. கலக்குதுதான். இல்லங்கல. இன்னொண்ணுல ஒரு பொண்ணு. உதட்டுச் செவப்பு உதட்ட விட்டு வெளிய வழிஞ்சு கெடக்கு. "அச்சு கொஞ்சம் நகந்திருக்கு, அதாண்டி அழகே"ங்கறாரு. நான் லிப்ஸ்டிக்க அப்படி இழுவிக்கிட்டு ஒரு கல்யாணத்துக்குக் கெளம்பினா அழகும்பாரா?

சரி, அழகு. கையால வரஞ்சது, மனுஷன் உசுரக் குடுத்துத்தான் வரஞ்சிருக்கான். ஆனா பிரிச்சுப் படிக்கணுமா வேணாமா? படிக்க மாட்டாருங்க! பிரிச்சா புத்தகத்துக்கு முதுகு ஒடிஞ்சிடுமாம். எனக்கு இடுப்பு புடிச்சிக்கிட்டு நான் ராவெல்லாம் மொனகினப்பக்கூட இவரு இவ்வளவு கவலப்படல. என்னையும் தொட விடறதில்ல. வைக்கப்போர் நாய் கதைதான். தானும் திங்காது, மாட்டையும் திங்க விடாது.

இதுல கூத்து என்னன்னா, அந்த அட்டை வரையறவங்க கதையப் படிச்ச மாதிரியே தெரியல. அட்டையில சிறுத்த பாயும். உள்ள பக்கம் பக்கமாத் தேடினா ஒரு பூனக்குட்டிகூட இருக்காது. அட்டையில ஹீரோவுக்கு மீச, உள்ள மொழுக்குன்னு...

என்ன அப்படிப் பாக்கறீங்க? எனக்கெப்படித் தெரியும்னா?

...டீய குடிங்க, ஆறிடும்.

சரி சரி, சொல்லிடறேன். மூச்சு விடக்கூடாது! அவரு ஆபீசுக்குப் போனதும் கொண்ட ஊசியால புத்தகத்து முதுகுல அடிச்சிருக்கற ரெண்டு பின்னையும் மெல்ல நிமித்தி, அட்டைய விட்டுட்டு உள்ள இருக்கறத மட்டும் உருவிக்குவேன். படிச்சுட்டுத் திருப்பி வைக்கணும்னுதான் நெனப்பேன். அடுப்புல ஒரு கண்ணு, கதையில ஒரு கண்ணுன்னு படிச்சா எண்ணெக் கறை படாமலா இருக்கும்? அதனால அதே கனத்துல வேற எதையாவது சொருகி பின்ன மடிச்சு விட்டுடறது. அவருக்குத்தான் அட்டை போதுமே!

அப்படி என் கையில மாட்டினதுதான் 'கலங்கரை விளக்கம்'ங்கற கதை, மொத பாகம். அதுல துப்பறியற பொண்ணு ஒருத்தி. மூக்குக்கண்ணாடி, நம்மள மாதிரியே நல்ல வாயி. கூடவே சுத்தறவன் கடைசிப் பக்கத்துல அவ வெரல்ல ஒரு செவப்புக்கல் மோதிரத்த மாட்டி விடறான். வெளக்கு அணையுது. 'தொடரும்'! அவ்வளவுதான்!

ரெண்டாம் பாகம் எங்க தேடியும் கெடைக்கல இவருக்கு. போன மாசந்தான் உங்க வீட்டுக்காரருகிட்ட மூணு புலி அட்டையக் குடுத்து மாத்திக்கிட்டு வந்தாரு. அந்தப் பழக்கத்துலதானே மேல வீடு காலின்னு சொல்லி உங்களையும் இங்க வரவச்சாரு? அந்த அட்டையப் பாத்தீங்கல்ல? பச்சக் கடலு, பேய் மாதிரி அல, கயித்துல அவன் தொங்கறான். மேலேருந்து ஒரு கை மட்டும் நீளுது. கையில கத்தி. வெரல்ல... செவப்புக்கல் மோதிரம்!

போட்டு விட்டவன் கயித்தையே அறுப்பாளா ஒருத்தி? இல்ல கதையப் படிக்காம அட்டை வரையற அந்த மனுஷன் கைக்கு அழகா இருக்கட்டும்னு வரஞ்சு தொலச்சானா? சோறு எறங்கல. கொழம்புக்கு ரெண்டு தரம் உப்பு போட்டேன். இவரு வெளிய போனதும் ஊசிய எடுத்துட்டேன். பின்ன நிமித்தி, அட்டையத் தொறந்தா...

"முதல் முறை அரைக்கும் முன் மூடி சரியாகப் பொருந்தியுள்ளதா எனப் பார்க்கவும்."

மிக்ஸி புத்தகங்க!

எங்க வீட்டுல அந்த மிக்ஸியே கெடையாது. ஊதா கலரு படம் போட்டிருக்கு. நீங்க குடிவந்த அன்னிக்கி மாடிப்படியில ஒரு ஊதா மிக்ஸி மேல ஏறிப் போச்சே, அத நான்...

எங்க எந்திரிக்கறீங்க? கோச்சுக்கிட்டீங்களா? நான் ஒண்ணும் தப்பா... ஏங்க! டீய பாதியில விட்டுட்டு... ஏங்க!

போயிட்டாங்களே. கெட்டேன். வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கேனா நானு! இது அவரு காதுக்குப் போச்சுன்னா வீட்டுல இருக்கற அத்தன பையையும் பிரிச்சிப் பாப்பாரே... நான் எங்க போயி முழிப்பேன்...

ஆங்! வந்துட்டீங்களா? என்னது அது, துண்டுக்குள்ள சுத்திக்கிட்டு?... அடியாத்தி! ரெண்டாம் பாகம்! இதேதான்! பருப்பு வாசன வேற அடிக்குது. பருப்பு டப்பாவுலயா வச்சிருந்தீங்க? எனக்கு அரிசி டப்பா!

சொல்லுங்க, அந்தக் கை யாரோட... வேணாம்! வேணாம்! சொல்லாதீங்க!

என்னது? மொத பாகம் படிச்சதே இல்லையா நீங்க? அந்த மோதிரம் யாரு போட்டதுன்னே தெரியாமயா இத்தன நாளு கெடந்து தவிச்சீங்க? ஐயோ பாவம். என்னைய விடப் பாவம் நீங்க.

விடுங்க. அவங்க ரெண்டு பேரும் அட்டைய மாத்திக்கட்டும், நாம கதைய மாத்திக்குவோம். அந்தப் புலி அட்ட மூணையும் மட்டும் உங்க வீட்டுக்காரரு பிரிக்காமப் பாத்துக்குங்க. உள்ள இருக்கறது எங்க வாஷிங் மெஷினு, கிரைண்டரு, ஃபேனு புத்தகந்தான்.

இருங்க, டப்பாவ எறக்கறேன். கொஞ்சம் கீழ புடிங்க... அரிசி கொட்டிடப் போவுது.