பாலைவனத்து மலையில் குதிரைவால்

காப்பி இருக்கட்டுங்க அம்மிணி. சார், மொதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. ஆள் தெரியலீங்களா? திருச்செங்கோடு காளியண்ணனுங்க, போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கறவன். எம்பொண்ணு உங்க காலேஜுலதான் படிக்குது. போன வருசம் எக்ஸிபிசன்ல காஞ்ச செடியெல்லாம் அட்டையில ஒட்டி வெச்சிருந்தீங்களே, அப்பப் பேசுனமே. ஆங், அதேதானுங்க.

அதுல ஒரு அட்டை. எலையே இல்லாம, கணுக்கணுவா, குதிரைவால் செடின்னீங்க. கீழ உங்க பேரு. ராஜஸ்தான் பாலைவனத்து மலை, ஓடைக்கரை, ஏராளம்னு எழுதியிருந்துச்சு. அடியில தண்ணி இல்லாம இது மொளைக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. சொல்றப்ப உங்க மூஞ்சியில அப்படி ஒரு களை! அந்த அட்டைக்குத்தான் டாக்டர் பட்டமே குடுத்தாங்களாமே? பெரிய சங்கதிங்க.

இங்க எங்க போட்டாலும் தண்ணிக்குப் பதிலா புழுதிதான் வருது. படிச்சவிங்க எழுதுனா பொய்யா இருக்குமான்னு வண்டியை நேரா அங்கயே உட்டுட்டனுங்க. இந்த எம்பத்தேழாம் வருசப் பஞ்சத்துல தண்ணின்னா கும்புட்டுக் கூப்புடறாங்க. நானும் எங்கூரு புரொபசர் கண்ணால பாத்த ஓடைன்னு சத்தியம் பண்ணிட்டேன்.

ஐயோ, கோவமெல்லாம் இல்லீங்க. நீங்க உக்காருங்க.

பாறையைக் கொடைஞ்சு கொடைஞ்சு பாத்தோம், பொட்டு ஈரமில்லை. செடியைப் படம் போட்டுக் காட்டுனா ஆடு மேய்க்கறவரு சிரிக்கறாரு. ஆனா அங்க டவுன் லாட்ஜுக்காரரு உங்களை மறக்கவே இல்லீங்க. வயித்தால போயி, மலைப்பக்கமே திரும்பாம ரயிலேறுன வாத்தியாருங்களான்னு கேட்டாரு!

மோகனூர்ல ஆத்தோரம் எங்க மச்சான் காட்டுல இதே செடி மண்டிக் கெடக்குது. நீங்க ஒருக்கா பை நெறையப் பறிச்சுட்டுப் போனீங்கன்னாரு. பெரிய மனுசரு எதுக்கு இங்க வாராருன்னு நான் நம்பலீங்க.

ஆனா அந்தூர்க்காரங்க உங்களை நம்பிட்டாங்களே! ஓடையைக் காட்டுனாத்தான் வண்டியையும் உடுவோம், ஆளையும் உடுவோம்னு எங்க டிரில்லர் ரங்கனைக் கோயில்ல உக்கார வெச்சிருக்கறாங்க. வேளைக்கு ரொட்டி போடறாங்க, நல்ல மனுசங்கதான். அவன் பொண்டாட்டி செல்லாயி எங்க ஊட்டு வாசல்ல உக்காந்து அழுகறா. அதுதான் எனக்குத் தாங்கலீங்க.

அம்மிணி, சாருக்கு நாலு வேட்டி எடுத்து வைங்க. ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு. வயித்து மாத்திரையும் வாங்கிட்டேன். ஊர்க்காரங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க சார். வாசல்ல டின்னுல மோகனூர்ச் செடி ஒரு கொத்து வேரோட வெச்சிருக்கறேன், அதை மட்டும் வாடாம மடியில வெச்சுட்டு வாங்க. நீங்க எழுதுன எடத்துலயே நட்டுட்டு வந்துருலாமுங்க.