பூட்ஸுக்குள் மறைத்த காயம்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அழகுமுத்து அவர்களே! மண்சரிவை வென்று எங்கள் மலைப்பாதையை மீட்டெடுத்த இராணுவ வீரர்களே! கூடை இறக்கிய களைப்போடு கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே! வட்டவளைப் பெரியோர்களே! இந்தத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கணேசமூர்த்தி உங்களை வணங்குகிறேன்.

வீரம் என்றால் என்ன? வலியை மறைப்பதா? வாய் திறவாமல் வதைபடுவதா?

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலைப்பொழுது. டிஸ்பென்சரி வாசல் வரிசையில் கடைசியாக ஒரு சிப்பாய் வந்து நின்றார். நின்றவர், என்ன நினைத்தாரோ, நொண்டியபடியே திரும்பி நடந்தார். பெயர் ஸுஹைர், கண்டிக்காரர். அதோ, தலைகுனிந்து சிரிக்கிறாரே, அவரேதான்!

அவரை மறித்தவர் வரிசையில் நின்ற நம் வேலாயி.

“எங்க தம்பி போறீங்க?”

“சின்னக் கீறல்தான் அக்கா.”

“கீறலுக்கா இப்படி நொண்டுறீங்க? போன மாசம் நானும் காய்ச்சல மறைச்சுக்கிட்டுத்தான் கொழுந்து பறிக்க மலைக்குப் போனேன். கூடையோட உருண்டேன். வாங்க, என் எடத்துல நில்லுங்க!”

கைதட்டுங்கள், வேலாயிக்குத் தட்டுங்கள்!

பூட்ஸைக் கழற்றினேன். மண் வெட்டும் பிக்காசு பட்ட காயம். ஐந்து நாள் மறைத்ததில் கணுக்கால்வரை வீங்கிப் பழுத்திருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கால் போயிருக்கும்!

“கேப்டன்கிட்ட சொல்லிடாதீங்க ஐயா. மத்தவங்க மண்ணு வெட்டுறப்ப நான் படுத்துக் கெடந்தா, பயந்தவன்னு சொல்லுவாங்க.”

நான் சொல்லவில்லை. கேப்டனுக்குக் கடிதம் எழுதி அவர் கையிலேயே கொடுத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை! நேரே கேப்டனிடம் போய் நீட்டினார்.

படித்த கேப்டன் என்ன செய்தார்? படையையே வரிசையில் நிறுத்திப் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். காயத்தை மறைத்தவர்கள் இன்னும் பதினொரு பேர்! ஒருவரையும் ஏசவில்லை. “நாளை முதல் வேலைக்கு முன் டிஸ்பென்சரி. சொல்லாமலிருப்பதுதான் இனிக் குற்றம்” என்றார். மறுநாள் வரிசையில் முதல் ஆள் யார்? பல்வலியோடு கேப்டனேதான்! சிரிக்காதீர்கள், உண்மை!

பாதை திறந்தது. காயம்பட்ட பன்னிரண்டு பேரும் சொந்தக் காலில் ஊர் திரும்புகிறார்கள். மண்ணை வெட்டியது வீரம். மனம் திறந்து ‘வலிக்கிறது’ என்றது அதனினும் பெரிய வீரம்!

தாய்மார்களே, துவக்கு ஏந்திய சிப்பாயின் கையே மருந்துக்கு நீண்டது. கொழுந்து கிள்ளும் கைக்கு என்ன தயக்கம்? தூணோரம் சேலைத்தலைப்பால் வாயை மூடி இருமுகிறீர்களே அம்மா, நாளைக் காலை நீங்கள்தான் முதல் ஆள். கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன்.

செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி. வீரர்களே, நலமோடு போய் வாருங்கள். வணக்கம்!