மூடிமேல் கூழாங்கல் மூட்டை

பிளைவுட்டில் மீன்தொட்டி கட்டலாம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஐயா. பலகை தண்ணீரில் ஊறிப்போகாதா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஊறாது. நல்ல மரைன் பிளைவுட்டாக வாங்கி, உள்பக்கம் முழுக்கக் கண்ணாடி நார் விரித்து, அதன்மேல் ரெசின் பூசி, முன்பக்கத்துக்கு மட்டும் தடித்த கண்ணாடி வைத்தால் போதும். எங்கள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆசிட் தொட்டிக்கே அப்படித்தான் பூசுகிறார்கள். ஆசிட் தாங்குவது நாலு மீனைத் தாங்காதா என்ன.

கம்பெனியில் என் வேலை தொட்டிக் காவல். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி இல்லை. தொட்டியைக் கழுவ ஆள் உள்ளே இறங்கினால், அதன் வாய் ஓரமாக வெளியே ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒருவன் நான். உள்ளே இருப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான், அதனால் தட்டித் தட்டிப் பேசிக்கொள்வோம். நான் ஒரு தட்டு தட்டினால் ‘இருக்கிறாயா’ என்று அர்த்தம். உள்ளிருந்து இரண்டு வந்தால் ‘இருக்கிறேன்’. மூன்று வந்தால் ‘என்னை வெளியே எடு’. பதிலே வராவிட்டால் யோசிக்காமல் கயிற்றை இழுக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் என் காவலில் ஒருவனும் செத்ததில்லை. இம்மானுவேல் வெளியே உட்கார்ந்தால்தான் இறங்குவேன் என்று அடம்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நான் பயந்த சுபாவம். அதை ஒளிக்க வேண்டியதில்லை. மூடிய கதவைப் பார்த்தாலே உள்ளே யாரோ சாய்ந்து கிடப்பதுபோலத் தோன்றும். அதனால் வீட்டிலும் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். என் மனைவி விக்டோரியா குளிக்கப் போனால் நான் கதவில் ஒரு தட்டு, அவள் உள்ளிருந்து இரண்டு. கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே தட்டினாள். பிறகு சிரிப்பு நின்றது. எனக்குத் தட்டு வந்தால் போதும். ஒருநாள் வேண்டுமென்றே சும்மா இருந்துவிட்டாள், கதவை உடைக்க வேண்டியதாகிவிட்டது. அதன்பிறகு அந்தக் கதவுக்கு நான் தாழ்ப்பாள் வைக்கவில்லை. எங்கள் மகள் ஏஞ்சலின் பேச்சுத் திருந்தும் முன்பே இரண்டு தட்டக் கற்றுக்கொண்டாள். கேட் சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். எங்கள் வீடு எளாவூரில், லாரிகள் பறக்கிற ரோட்டோரம், ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடக் கூடாது.

இவ்வளவு செய்தும், நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் விக்டோரியா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நிற்பாள். பார்க்கத்தானே வேண்டும், வீட்டுக்குள்ளேயே எதையாவது பார்க்கட்டும் என்றுதான் தொட்டி கட்டினேன். பின்னறையை முக்கால்வாசி அடைக்கிற தொட்டி, என் நெஞ்சு உயரம். மேலே பலகை போட்டு, ஓர் ஆள் நுழைகிற வாய் மட்டும் விட்டேன். அதற்கு ஒரு மூடி. தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோது அடிமூலை ஒன்றில் கசிந்தது. வடித்துவிட்டு, கண்ணாடியில் ரெசின் தெறிக்காமல் உள்பக்கம் செய்தித்தாள் ஒட்டிவைத்தேன். உள்ளே இறங்கி மறுபடி பூசவேண்டியதுதான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தம்பி ஜெயராஜ் மீஞ்சூரிலிருந்து வந்தான். ஏஞ்சலின் கோயிலில் ஞாயிறு வகுப்புக்குப் போயிருந்தாள்.

“அக்காவையும் பாப்பாவையும் பத்து நாள் இட்டுகினு போறேன் மாமா. மே மாச லீவுதானே. ஊட்டுலயே கெடந்தா பேஜாரா இருக்கும்” என்றான்.

நல்ல பையன். என்னிடம் பேசும்போது கண்ணைப் பார்க்கமாட்டான், அவ்வளவுதான். நான் சரி என்றேன். பிறகு அவள் கட்டிவைத்திருந்த பையைத் திறந்து பார்த்தேன். அடியில் ஏஞ்சலினின் பள்ளி யூனிஃபார்ம் மடித்து வைத்திருந்தது. லீவுக்குப் போகிற பிள்ளைக்கு யூனிஃபார்ம் எதற்கு, நீங்களே சொல்லுங்கள். அப்படி ஒரு பயம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. இனி அவர்கள் கதவில் யார் தட்டுவார்கள்?

“மச்சான், தொட்டில ஒரு மூல ஒழுவுது. எனக்கு ஒடம்பு நொழையல. நீ ஒல்லியா கீற. பூசிட்டு, நாஷ்டா துன்னுட்டு எல்லாம் கெளம்புங்க” என்றேன்.

“இதுக்கு இன்னா மாமா” என்று சட்டையைக் கழற்றினான். சண்டையில்லாமல் அக்காவை அழைத்துப்போக வழி கிடைத்தது என்று நினைத்திருப்பான். முகத்தில் அவ்வளவு நிம்மதி. தட்டுக் கணக்கை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நெடி வெளியேறத் தொட்டி வாயில் டேபிள் ஃபேன் ஓடியது. அந்தச் சத்தத்தில் அவன் தட்டுவது கேட்காது, அதனால் நிறுத்தினேன். ஈர ரெசினில் தூசி விழக்கூடாது, அதனால் மூடியை வைத்தேன். மூடி நெளிந்துவிடக் கூடாது, அதனால் மீனுக்கு வாங்கிய கூழாங்கல் மூட்டையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, ஐயா.

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு தட்டு தட்டினேன். இரண்டு வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. இரண்டு வந்தது, கொஞ்சம் தள்ளித் தள்ளி. ரெசின் நெடி கனமானது, கீழேதான் தேங்கும், ஆளை மயக்கிவிடும். அது எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

பிறகு மூன்று வந்தது. நான் ஒன்று தட்டினேன்.

விக்டோரியா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். “இன்னாங்க, மூணு கேட்டுச்சே” என்றாள்.

“ரெசின் காயற சத்தம். நீ போய் கொழம்பப் பாரு.”

அவள் நின்றுகொண்டிருக்கும்போதே மறுபடி மூன்று வந்தது. என்னைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். நான் குரலை உயர்த்தவில்லை, உயர்த்துவதே இல்லை. “போ” என்றேன். போனாள்.

அப்புறம் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதம் ஓரிடத்தில் உள்ளங்கை அளவு கிழிந்தது. அதன் வழியாக அவன் கண் தெரிந்தது. என்னைப் பார்க்காத பையன் அன்றைக்குப் பார்த்தான். நான் ஸ்டூலைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டேன்.

அடுத்த தட்டுக்குப் பதில் இல்லை. என் கை தானாகக் கயிற்றைத் தேடியது, பழக்கதோஷம். கயிறு கட்டவில்லை. ரொம்பப் பயமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் இனி மீஞ்சூருக்கு யாரும் போகவேண்டியதில்லை என்று நினைத்தபோது நெஞ்சு லேசானது.

விக்டோரியா குழம்பைப் பார்க்கப் போகவில்லை. மதில்மேல் நான் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளில் கை கிழியக் கிழிய ஏறிக் குதித்து ஊரைக் கூட்டியிருக்கிறாள். என்னிடம் சொல்லாமல் அவள் வெளியே போனது அதுதான் முதல் தடவை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆட்கள் வந்து மூட்டையை இறக்கியபோது ஜெயராஜிடம் மூச்சு இல்லை.

ஆமாம். மூன்று தட்டு கேட்டது, இரண்டு தடவை. கண்ணையும் பார்த்தேன். எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. சாகவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். விக்டோரியாவைப் பக்கத்து அறையில் உட்காரவைத்திருக்கிறீர்கள். வந்ததிலிருந்து இந்தச் சுவரில் தட்டிக்கொண்டிருக்கிறேன், மெதுவாகத்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை. கதவு வேறு மூடியிருக்கிறது. யாராவது போய்ப் பாருங்கள், ஐயா. உள்ளே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், வெளியே உட்கார்ந்திருக்கிற என்னைத்தானே கேட்பார்கள்.