அடுப்புக்கு வந்த தூரம்

— எனக்கென்ன பொறாமை, ஜக்கம்மா. பேப்பர்ல ஒம் போட்டோ வந்துருக்குன்னாக, சந்தோசப்பட்டுத்தேன் வந்தேன்.

— உக்காருங்கக்கா. மோரு குடிக்கிறீகளா?

— வேணாம். ஒங்க எருமை மோரு. தொழுவத்துல இருந்து அடுப்படிக்குப் பத்து எட்டு வச்சாப் போதும். காலேஜுப் பிள்ளைக அதையுந்தேன் எழுதிக்கிட்டுப் போச்சுக.

— ஒரு வீட்டுக்கு ரெண்டு மருமகளா வந்தோம், இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கலாமா? மகளிர் குழுவுல முப்பது வீட்டையுந்தேன் எழுதுனாக. திங்கிற சாமான் எங்கன இருந்து, எம்புட்டுத் தூரம் வருதுன்னு.

— ஒம் வீட்டுக்கு மொத்தம் எரநூத்தி முப்பது கிலோமீட்டரு, அதுதேன் கொறச்சல்னு பேப்பர்ல போட்டாக. அதுலயும் எரநூறு தூத்துக்குடி உப்புக்கு. எம் வீட்டுக்கு முப்பதாயிரம். அத்தன பேருக்கு முன்னால வாசிச்சாக. ஆப்பிள் அமெரிக்காவாம், ஓட்ஸ் ஆஸ்திரேலியாவாம், தொவரை பர்மாவாம், எண்ணெய் மலேசியாவாம். 'மாயக்கா வீட்டுச் சட்டி பாஸ்போட்டு எடுத்துருக்கு'ன்னு மொக்கம்மா சிரிக்கிறா.

— அவ வாயி அப்படி. விடுங்கக்கா.

— நீயுந்தேன் சிரிச்ச. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு. நான் பாத்தேன்.

— ஆமாக்கா. சிரிச்சேன்.

— நான் என்ன பவுசுக்கா வாங்குறேன்? ஒங்க பெரியத்தானுக்கு நெஞ்சுவலி வந்து மூணு வருசமாச்சு. கறி ஆகாது, நெய் ஆகாதுன்னு மதுரை டாக்டரு சொன்னாக. அன்னைக்குக் கவுத்த கறிச்சட்டி இன்னமும் கவுந்துதேன் கெடக்கு. பருப்பு, ரசம், காலையில ஓட்ஸ். பருப்ப வெளைய வைக்க எனக்கு எங்க வழி? தொண்ணூத்தாறுல பங்கு பிரிக்கையில வாய்க்கா பாயுற வயலு ஒங்களுக்கு, மழையப் பாத்துக் கெடக்குற கல்லுக்காடு எங்களுக்கு.

— மாமா பிரிச்சாக. நாங்களா கேட்டோம்?

— கேக்கல. கேக்காமக் கெடைக்கிறது ஒனக்கு மட்டுந்தேன்.

— எனக்கா? பொங்கப்பானையில மொத அரிசி போடுறது யாரு? கோயில்ல மொதத் துன்னூறு யாருக்கு? கல்யாணமோ கருமாதியோ, மூத்தவள எங்கன்னுதேன் தேடுறாக. முப்பது வருசமா ஒங்க முதுகப் பாத்தே நிக்கிறேன்க்கா.

— அதுக்குத்தேன் சிரிச்சியா?

— அதுக்குந்தேன்.

— சரி. ரெண்டு பேரும் மனசுல கெடந்ததக் கொட்டியாச்சு. இப்பக் கேளு. ஓட்ஸ நிறுத்திட்டேன். ஆப்பிள், பர்மாப் பருப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டேன். அடுத்த தடவ எழுத வரும்போது எம் பேர மொதல்ல வாசிக்கணும்.

— பருப்பும் இல்லாம பெரியத்தானுக்கு என்னத்தப் போடுவீக?

— ஞாயித்துக்கெழமை ஒங்க தொழுவத்து ஆட்டுக்கெடாவ அறுக்கையில எனக்கும் ஒரு பங்கு போடு. ஒங்க எருமை நெய்யும் குடு. சுவத்துக்கு அந்தப் பக்கந்தேன. தூரமே இல்ல.

— கறியா? நெய்யா? அவுக ஒடம்புக்கு என்னக்கா ஆகும்?

— வாரம் ஒருநா தின்னா ஒண்ணும் ஆகாது. ஆசைப்பட்டுக் கேக்கவுஞ் செஞ்சாக.

— வேணாங்க்கா. ஒங்க கால்ல விழுகுறேன்.

— ஏன், ஒம் போட்டோ எறங்கிப்போகுமேன்னா?

— எறங்கட்டும். நேத்து அந்தக் காலேஜுப் பிள்ளை மறுபடி வந்துச்சு. தூரத்த மட்டும் பாத்தது தப்பாம். எருமையும் கெடாவும் அசபோட்டு விடுற ஏப்பத்துலதேன் பூமியச் சூடேத்துற வாயு ரொம்பவாம். கப்பல்ல மொத்தமா வார பருப்புக்கு அதுல கால்வாசி கூட இல்லையாம்.

— அதுக்கு என்னய என்னடி பண்ணச் சொல்ற?

— எப்பவும் போலப் பருப்பே போடுங்க. அந்தப் புதுக் கணக்குல, வாயு கொறச்சல்னு, முப்பது வீட்டுலயும் மொதல்ல வந்தது நீங்கதேன். அத எழுதி ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்ன தாள, நாந்தேன் அடுப்புல போட்டுட்டேன்.