அம்பில்லாமல் விட்ட வில்

நாள்தோறும் மாலை ஐந்து மணிக்குக் காஜா பெராங் சாலையில் அப்பாசாமியின் கோப்பிக் கடையில் அமர்ந்து, ஒரு கோப்பிக்கு ஒரு மிருகக் கதை சொல்வது என் வழக்கம், இன்ஸ்பெக்டர் ஐயா. தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் இதை விடவில்லை. கேட்பவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் இருவருக்குக் காது மந்தம். எனினும் நல்ல ரசிகர்கள்.

மலாயா சுதந்திரம் அடைய இரண்டு மாதங்கள் இருக்கையில், தெங்கேராவில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் தேவதாஸ், மெர்டேக்கா என்கிற அந்தச் சுதந்திர விழாவில் காட்டுவதற்கென்று ஒரு விசைவில் செய்தான். என்னிடம் நாலாம் வகுப்புப் படித்தவன். லாரி ஸ்பிரிங் தகட்டை வில்லாக வளைத்து, இரு முனைகளிலும் கப்பிகளை மாட்டி, கம்பிவடத்தை நாணாகக் கோத்திருந்தான். ஒரு கப்பியில் அச்சுத் துளை தவறி ஓரமாக விழுந்துவிட, மற்றதையும் அப்படியே துளைத்திருக்கிறான். அந்தத் தவறே வில்லின் அதிசயமாயிற்று. நாணை இழுக்கையில் பாதி வழியில் கை நடுங்கும். முழுவதும் இழுத்ததும் பாரம் குறைந்துவிடும். குறைவது கைக்குத் தெரிகிற பாரம் மட்டுமே. இழுத்தவனின் உழைப்பெல்லாம் வளைந்த தகட்டில் அடங்கிக் காத்திருக்கும். விசையைத் தட்டியதும் அம்புக்குப் போய்ச் சேரும். இதை அவனுக்கு விளக்கியவன் நான்தான். தெளிவாகவே விளக்கினேன். நல்லாசிரியன் என்பதில் எனக்கு என்றுமே ஐயம் இருந்ததில்லை.

ஒரு மாலை என் கதையில் ஆமை நடு ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தபோது, அவன் வில்லோடு கடை வாசலில் வந்து நின்றான்.

"ஆமை மெதுவா கரையேறட்டும் லா, சார். இது நிஜமாவே பாயுது, வந்து பாருங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். காது மந்தமானவர்களும் போனார்கள். அவர்களுக்கு இது மட்டும் எப்படிக் கேட்டதோ, அறியேன். அன்றிலிருந்து என் மேசையில் நானும் கோப்பியும் மட்டும்.

முதல் வாரம் மனம் கனத்தது. பிறகு லேசாகிவிட்டது. மறந்துவிட்டேன் என்றே நம்பினேன்.

ஒத்திகை நாளில் திடல் நிறையக் குழந்தைகள். நாணை இழுத்து விசையில் மாட்டி வில்லை ஏற்றியாகிவிட்டது. அம்பு யார்மேலாவது பட்டுவிடப் போகிறதே என்று அவன் மனைவி பூங்காவனம் கலங்கினாள். அம்பை எடுத்துவிட்டு விசையை மட்டும் தட்டிக் காட்டலாமே என்று யோசனை சொன்னேன். தேவதாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்பு இல்லாம விட்டா ஒன்னும் ஆவாதுல்ல, சார்?"

"ஒன்னும் ஆகாது, தம்பி. சத்தம் மட்டும் கேக்கும்."

பாடத்தில் ஒரு சிறு பகுதியை விட்டுவிட்டேன். ஏற்றிய வில்லின் ஆற்றலை வெளியே கொண்டுபோவது அம்புதான். அம்பு இல்லையென்றால் அது வில்லையே தாக்கும். வடம் அறுந்து, கப்பி தெறித்து, அவன் வலக்கண்ணில் பாய்ந்தது. குழந்தைகளில் ஒருவருக்கும் கீறல் இல்லை. பெற்றோர்கள் என் கைகளைப் பற்றி நன்றி சொன்னார்கள். அடக்கத்துடன் ஏற்றுக்கொண்டேன், அடக்கம் எனக்கு இயல்பானது.

ஊர் அவன் கைவேலையைத்தான் பழித்தது. ஒரு கப்பியைக்கூடச் சரியாகப் பொருத்தத் தெரியாதவனிடம் லாரியை விடுவதா என்று லாரிக்காரர்கள் பட்டறையைத் தாண்டிப் போகிறார்கள். நேற்று அவன் கண்கட்டோடு என் வீட்டுக்கு வந்தான்.

"என் வேலை சரியில்ல, சார். நீங்க சொல்லிக் குடுத்தும் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

மன்னித்து அனுப்பினேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அவன் வேலையில் பிழையில்லை. அவன் கேட்டபோது எனக்கு விடை தெரியும். கண்தான் போகும் என்று தெரியாது. ஏதோ ஒன்று போகும் என்று தெரியும்.

இதை ஊரறியச் சொன்னால்தான் அவன் பட்டறை பிழைக்கும். ஆகவே விழா நாளன்று திடலில் அனைவர் முன்னிலையிலும் இந்த வாக்குமூலத்தை வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் எழுத்தருக்கு அந்தச் சிரமம் வேண்டாம், நானே வாசிக்கிறேன். இதை யாரும் பாதியில் விட்டு எழுந்து போகமாட்டார்கள்.