இரட்டைப் பெருக்கல் குறி

"அந்தக் குறியை அழிச்சிருக்கவே கூடாது மச்சான், ராணுவமே கழிச்சுக்கட்டின துப்பாக்கி..."

"அழிச்சாச்சு, வித்தாச்சு, இன்னும் என்ன ஒப்பாரி..."

"தோப்புக்காரர் இன்னிக்குச் சுட்டுப் பார்க்கப் போறாரு! வெடிச்சா மூஞ்சியே..."

"அவர் மூஞ்சிதானே? உன் மூஞ்சியா? வேலையைப் பாரு மாப்பிள்ளை."

நம்ம தையல்கார அக்காவோட தம்பிக்கு நடந்தது இது. பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து விற்கிற கடை. கடை மச்சானுடையது, கை இவனுடையது. எப்போதும் கண்ணில் பூதக்கண்ணாடி. அதனால் ஊரே இவனை லென்ஸ் என்றுதான் கூப்பிடும். இரும்பில் அடித்திருக்கும் குறிகளைக் கடுதாசி மாதிரி படிப்பான். வட்டத்துக்குள் எழுத்து என்றால் செய்த ஆலை. நட்சத்திரம் என்றால் சோதனையில் தேறியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறி என்றால்... தொடாதே, சுட்டால் பின்பக்கம் வெடிக்கும்.

தோப்புக்காரர் வாங்கின துப்பாக்கியில் இருந்த அந்த இரண்டையும் முந்தாநாள் அரத்தால் ராவி, மேலே ஒரு நட்சத்திரம் அடித்துக் கொடுத்தவன் இவனேதான். மச்சான் சொன்னார். செய்தான்.

மத்தியானம் மூன்று மணி. மனசு கேட்காமல், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சைக்கிளை எடுத்தான். தோப்புக்குப் போகிற ஒற்றை ரோடு. ஈ காக்கா இல்லை. செயின் மட்டும் கிரீச்... கிரீச்...

பாதி வழியில், தூரத்தில், டமார்.

ஒரே ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. காலை ஊன்றி நின்றான். திரும்பிவிடலாமா? இல்லை... மிதித்தான்.

வளைவு தாண்டினால் மதகின் மேல் தோப்புக்காரர் உட்கார்ந்திருக்கிறார்! மடியில் துப்பாக்கி. பாதி முகத்தில் ஈரத் துண்டு சுற்றியிருக்கிறது. கருகின முடி வாடை.

அப்பாடா, ஆள் உயிரோடுதான் இருக்கிறார். அந்த நிம்மதியிலேயே சொல்ல வந்தது தொண்டைக்குள் இறங்கிவிட்டது. பெரிசாக ஒன்றும் ஆகவில்லையே, நாமாகப் போய் எதற்கு மாட்டிக்கொள்வது?

"வாங்க தம்பி. கண்ணு சரியாத் தெரியலை. இந்தக் குறியைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

"நட்சத்திரம்ங்க. தேறின துப்பாக்கி."

"கண்ணாடி போட்டுப் பாருங்க."

போட்டான். நட்சத்திரத்தைக் காணோம். ராவின இடத்தில் இரண்டு பெருக்கல் குறி... இப்போதுதான் சுத்தியால் அடித்த மாதிரி, பிசிர் கூட உதிராமல். தொட்டான். சுட்டது.

"நட்சத்திரம்தாங்க."

"சத்தியமா?"

"என் பொண்டாட்டி மேல சத்தியமா."

சிரிக்காதீங்க... கேளுங்க. அப்போதுதான் கவனித்தான். துப்பாக்கியின் பின்பக்கம் ஓட்டையாக இருக்கிறது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டு, அந்த போல்ட்டைக் காணோம்.

"போல்ட்... எங்கேங்க?"

தோப்புக்காரர் துண்டை நிதானமாக அவிழ்த்தார். வலது கண் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட்டின் கைப்பிடி நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பிடித்தார். கதவுத் தாழ்ப்பாளைத் திருகுகிற மாதிரி ஒரு திருகு. இழுத்தார். சளக்... சட்டையில் துடைத்தார், ஒன்றுக்கு இரண்டு தடவை. துப்பாக்கிக்குள் சொருகினார்.

க்ளக்.

துப்பாக்கியை லென்ஸின் இரண்டு கையிலும் வைத்தார். அவன் கன்னத்தை அதன்மேல் சாய்த்துவிட்டார், குழந்தைக்குச் செய்கிற மாதிரி பதமாக.

"நல்ல குறிதானே... நீங்களே ஒரு தடவை சுட்டுக் காட்டுங்க தம்பி."